மழை தையோடு நின்ற வருஷத்தில் வீட்டுத்தோட்டம்: முதலில் கிணற்றைப் பாருங்கள்

திருகோணமலை உப்புவெளியில் இருந்து வந்த கேள்வி இது: "இந்த முறை மாரி தைப்பொங்கலோடு நின்றுவிட்டது. மாசியில் வழக்கமாக இருக்கும் குளிரும் பனியும் இல்லை. மிளகாய் இலை சுருளுகிறது. தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டுகிறது. மாமரம் மட்டும் வளவே மணக்கப் பூத்து நிற்கிறது. கிணற்றுத் தண்ணீர் இலேசாக உவர்க்கிற மாதிரி இருக்கிறது. தண்ணீரைக் கூட்டி விடவா, மருந்து அடிக்கவா?"

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். தோட்டத்தில் தெரிகிற ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியாக மருந்து சொல்லலாம், கீழே சொல்லியும் இருக்கிறேன். ஆனால் இந்த மாதிரி வருஷத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது உங்கள் கிணறுதான். மாசியில் அதை எப்படி நடத்துகிறீர்களோ, அதைப் பொறுத்துத்தான் ஆவணியில் வளவில் என்ன பச்சையாக நிற்கும் என்பது.

திருகோணமலைக்கு வருஷத்தில் கிடைப்பது சராசரியாக 1,500 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலான மழை. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஐப்பசி முதல் தை வரை பெய்து முடிந்துவிடும். கார்த்திகையும் மார்கழியும்தான் பெருமழை. தை பிற்பகுதியிலும் மாசியிலும் பெய்வது அளவில் சிறியது என்றாலும், அது மண்ணைக் காயவிடாமல் வைத்திருக்கும், கிணற்றில் இருந்து நாம் எடுப்பதை அவ்வப்போது ஈடுகட்டும். அது வராமல் போனால், வைகாசியில் கச்சான் என்ற காய்ந்த தென்மேற்குக் காற்று கிளம்பும் வரை பொறுத்து வரவேண்டிய கோடை இரண்டு மாதம் முந்தியே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சித்திரையில் மாலை இடிமழை இரண்டு மூன்று விழலாம். அதற்குப் பிறகு புரட்டாதி வரை பெரிதாக எதையும் நம்பமுடியாது. கணக்கை அங்கிருந்துதான் போடவேண்டும்.

கார்த்திகையில் வெள்ளம், தையில் வரட்சி, இது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருஷங்களில் இலங்கையில் ஐப்பசி முதல் மார்கழி வரை மழை கூடவும், தை முதல் பங்குனி வரை குறையவும் போக்கு உண்டு. ஆகவே இரண்டும் ஒரே மாரியில் வருவது புதுமை இல்லை. 2016-17 பெரும்போகத்தில் (மாரி நெல் விதைப்பில்) போல மாரி முழுவதுமே பொய்த்துப் போனால் அது வேறு கதை, அப்போது வயலே இல்லாமல் போனது. உங்களுக்கு இப்போது நடந்திருப்பது அந்த அளவுக்கு மோசம் இல்லை. நிலத்தடியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அதை வீணாக்காமல் இருந்தால் போதும்.

குளிர் பற்றியும் ஒரு வார்த்தை. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று சொன்னாலும், கடலோரமான நம் ஊரில் தை மாத இரவு சராசரியாக 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. நாம் குளிர் என்று சொல்வது பெரும்பாலும் வாடைக்காற்றும் மேகமூட்டமும்தான். 2022 மார்கழியில் அந்தக் காற்றும் மழையும் சேர்ந்து வடக்கு கிழக்கில் ஆடு மாடுகள் கூட்டமாகச் செத்துப்போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். வாடை ஓய்ந்து வானம் வெளித்துவிட்டால் பகல் 30 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். செடிக்கு அது மாசி இல்லை, சித்திரை.

சரி, கிணற்றுக்கு வருவோம். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி எல்லாம் கடற்கரை மணல். இந்த மணலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் முழுக்க மழைத்தண்ணீர். அது கீழே இருக்கும் உப்புத்தண்ணீருக்கு மேலே, எண்ணெய் மிதப்பது போல, எடை குறைவால் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் போடும் கணக்கு. இதை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். மோட்டரைப் போட்டு ஒரே மூச்சில் இறைத்து, மட்டத்தை 1 அடி இறக்கினால், கிணற்றுக்கு நேர் கீழே இருக்கும் உப்பு மேல்நோக்கி எழும்பத் தொடங்கும். இறைப்பை நிறுத்தினாலும் அது உடனே திரும்பி இறங்காது. அடுத்த மாரி வந்து மேலிருந்து அமுக்கவேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரை முழுவதும் இந்தப் பாடம் கிடைத்தது. கிணறுகளைச் சுத்தமாக்குகிறோம் என்று திரும்பத் திரும்ப வற்ற இறைத்தார்கள். பல இடங்களில் அப்படி இறைத்த கிணறுகளில் உப்பு குறையவில்லை, சில இடங்களில் கூடியது. பொறுத்துவிட்ட கிணறுகள் மாரி மழையோடு தெளிந்தன. ஆகவே "உவர்க்கிறது, இறைத்து விட்டால் புதுத்தண்ணீர் ஊறும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிணற்றை ஆழமாக்குவதும் கூடாது, அது உப்புக்குக் கிட்டப் போவதுதான்.

செய்யவேண்டியது சின்ன வேலை. கிணற்றுக் கட்டின் உட்பக்கம் பாருங்கள். மாரியில் தண்ணீர் நின்ற இடத்தில் பாசி ஒரு கோடாகத் தெரியும், அதற்குக் கீழே காய்ந்த பாசி கறுப்பாக ஒட்டியிருக்கும், அதற்கும் கீழே இப்போதைய ஈரம். விடியப்புறம், யாரும் தண்ணீர் எடுக்க முன்னர், அந்த ஈரக்கோட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கிழமைக்கு ஒருமுறை அதே நேரத்தில் பார்த்தால் எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துவிடும். மோட்டரை ஒரு மணித்தியாலம் ஓட்டுவதை விட்டுவிட்டு, காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று பிரித்து இறையுங்கள். உறிஞ்சும் குழாயின் வாயை அடியில் விடாமல் தண்ணீரின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்கவிடுங்கள். நல்ல தண்ணீர் மேலேதான் இருக்கிறது.

கன்னியாப் பக்கம் அல்லது கந்தளாய் வழியில் செம்மண்ணில் இருப்பவர்களுக்கு உப்புப் பிரச்சினை இவ்வளவு இல்லை. அங்கே கிணறு வற்றுவதுதான் பிரச்சினை. மண் ஈரத்தைக் கூடுதல் நாள் பிடித்து வைத்திருக்கும், ஆனால் காய்ந்தால் மேற்பரப்பு சிமெந்து மாதிரி இறுகிவிடும். வேகமாக ஊற்றினால் தண்ணீர் ஓடிப்போகுமே தவிர உள்ளே இறங்காது. மற்ற ஆலோசனைகள் பெரும்பாலும் அவர்களுக்கும் பொருந்தும்.

இனி எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்ற கணக்கு. 1 மி.மீ. என்றால் 1 சதுர மீற்றருக்கு 1 லீற்றர். மாசி வெயிலில் வளர்ந்த பயிர் நாளுக்கு 4 முதல் 5 மி.மீ. வரை குடிக்கும். 10 அடிக்கு 10 அடி பாத்தி என்றால் ஏறக்குறைய 9 சதுர மீற்றர், அதாவது நாளுக்கு 40 லீற்றர் சுற்றி, நாலு வாளி. ஆடியில் கச்சான் அடிக்கும்போது இது இன்னும் கூடும். உங்கள் வளவில் இப்படி எத்தனை பாத்தி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அத்தனைக்கும் ஆவணி வரை கிணறு தரும் என்றால் நல்லது. தராது என்றால் எதை விடுவது என்று இப்போதே முடிவெடுங்கள். எல்லாவற்றுக்கும் அரைகுறையாக ஊற்றிக்கொண்டு போய் ஆனியில் எல்லாவற்றையும் சேர்த்து இழப்பதுதான் பெரும்பாலான வளவுகளில் நடக்கிறது, பார்க்கவே மனம் கஷ்டப்படும்.

என்னைக் கேட்டால் முதலிடம் இளம் மரங்களுக்கு: மூன்று வயதுக்கு உட்பட்ட தென்னை, மா, தேசி, மாதுளை, கறிவேப்பிலை. அவை போனால் வருஷக்கணக்கு போகும். அடுத்தது நல்ல காய்ப்பில் நிற்கும் கத்தரியும் மிளகாயும். முதிர்ந்த தக்காளி, காய்த்து ஓய்ந்த பயிற்றை, பூசணி எல்லாவற்றையும் பங்குனிக்குள் பிடுங்கிப் பசளைக் குழிக்குள் போடலாம்.

மத்தியானம் செடி வாடி நிற்பதைப் பார்த்து ஓடிப்போய் ஊற்றவேண்டாம். மாரி மாதங்களில் தண்ணீர் மேலேயே இருந்ததால் வேர் ஒரு சாண் ஆழத்துக்குள் பரவி நின்றுவிடுகிறது. திடீரென்று மேல்மண் காயும்போது, கீழே ஈரம் இருந்தும் செடி தலையைத் தொங்கப்போடும். மறுநாள் விடியப்புறம் நிமிர்ந்து நின்றால் அதற்கு அவசரம் இல்லை. காலையிலும் வாடியிருந்தால்தான் தாகம். விரலை விட்டு நாலு அங்குலம் கிண்டிப் பாருங்கள். அங்கே மணல் உள்ளங்கையில் ஒட்டினால் இன்னொரு நாள் பொறுக்கலாம். ஊற்றும்போது மேலாகத் தெளிக்காமல், அடியில், மெதுவாக, நிறைய ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே நிற்கும், உவர்த்தண்ணீர் என்றால் உப்பும் மேலேயே தங்கும். மணலில் இடைவெளி இரண்டு நாளுக்கு மேல் போகமுடியாது, செம்மண்ணில் நாலு நாள் கூடப் போகலாம். உவர்த்தண்ணீரை இலையில் படவிடாதீர்கள். இலை நுனி கருகிக்கொண்டு வந்தால் உப்பு ஏறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மிளகாய், கறிமிளகாய், தேசி, மா உப்புத் தாங்காதவை. தக்காளி கொஞ்சம் தாங்கும். தென்னை நன்றாகவே தாங்கும்.

மண்ணை மூடி வையுங்கள். எனக்கு இதைவிடப் பலன் தந்த வேலை வேறு இல்லை. சருகு, வைக்கோல், காய்ந்த புல், கிழிந்த கிடுகு, எது கிடைத்தாலும் மூன்று அங்குலம் தடிப்பாகப் பரப்புங்கள். நம் பக்கம் கறையான் ஒரு தொல்லை, அதனால் தண்டில் இருந்து ஒரு கை அகலம் விட்டு வையுங்கள். பொச்சுமட்டை இருந்தால் தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு வையுங்கள். மட்டையில் தும்பு எடுக்கும்போது உதிரும் தும்புச்சோறு மணலுக்கு மிக நல்லது, ஆனால் கடல் ஓரத்து உவர்நீரில் ஊறிய மட்டையில் எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள். சருகைக் கூட்டி எரிக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. வரட்சியில் அது கண்ணுக்கு முன்னே ஈரத்தை எரிப்பதுதான்.

மிளகாய்க்கு வருகிறேன். சுருளும் இலையைக் கையில் எடுத்து முதலில் எந்தப் பக்கம் சுருளுகிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து ஓடம் மாதிரி நின்றால் அது பனிப்பூச்சி (இலைப்பேன்). ஓரங்கள் கீழ்நோக்கிக் கவிந்து, இலை நீண்டு ஒடுங்கி, காம்பும் நீண்டிருந்தால் சிற்றுண்ணி. இலை சிறுத்து, நரம்பு தடித்து, குருத்து முழுவதும் குவிந்து நின்றால் வெண் ஈ கொண்டுவந்த வைரசு. ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்து அதன்மேல் குருத்தைத் தட்டுங்கள். மெல்லிய மஞ்சள் கோடுகள் போல ஏதாவது ஊர்ந்தால் பனிப்பூச்சிதான். சிற்றுண்ணி கண்ணுக்குத் தெரியாது.

மாசி மழை இருந்தால் இவை இலையில் இருந்து கழுவுப்பட்டுப் போயிருக்கும். காய்ந்த சூட்டில் ஒன்றிரண்டு கிழமைக்கு ஒரு தலைமுறை என்ற வேகத்தில் பெருகும். அதனால் மழை செய்யும் வேலையை நீங்கள் செய்யுங்கள்: விடியக்காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி நல்ல தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை. அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் கட்டி, 1 லீற்றர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து, சவர்க்காரம் துளி சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். சிற்றுண்ணிக்குக் கந்தகத்தூள் கரைசல் கேட்கும், ஆனால் கொளுத்தும் வெயிலில் அடித்தால் இலை கருகும். கடையில் தரும் கடுமையான பூச்சிமருந்தைப் போட்டுச் சிற்றுண்ணியை அடக்க முடியாது. அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் முதலில் சாகும், பிறகு சிற்றுண்ணி இரட்டிப்பாக வரும். வைரசு பிடித்த செடிக்கு மருந்தே இல்லை. பிடுங்கி எரித்துவிடுங்கள், பக்கத்துச் செடிகள் தப்பும்.

தக்காளி கொட்டுவதற்குக் காரணம் இரவுச் சூடு. இரவு 21 பாகைக்கு மேலே போகப்போக மகரந்தம் பலவீனமாகி, பூ காயாகாமல் உதிரும். கூடுதலாக ஊற்றினாலும், பசளை போட்டாலும் நிற்காது. இருக்கிற காயைப் பழுக்கவிட்டு எடுத்துக்கொண்டு செடியை விட்டுவிடுங்கள். காயின் அடி கறுத்துத் தோல் போல் இறுகினால், அது நோய் இல்லை. தண்ணீர் ஒருநாள் நிறைய, ஒருநாள் இல்லை என்று போனால் சுண்ணச்சத்து காய்க்குப் போய்ச் சேராது. ஒழுங்காக ஊற்றினால் அடுத்த காய்கள் சரியாக வரும்.

மாமரத்துக்கு இந்த வரட்சி கொண்டாட்டம். முதிர்ந்த கொப்புகள் புதுத்தளிர் விடாமல் ஓய்ந்து கிடந்தால்தான் பூக்கும், அந்த ஓய்வை மண் காய்வது கொடுக்கிறது. மழையில் வரும் கரும்புள்ளி நோயும் பூவை அழிக்கவில்லை. கறுத்தக்கொழும்பானோ, விலாட்டோ, அம்பலவியோ, பூக்கும் நேரத்தில் தண்ணீர் விடாதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் ஈக்கள்தான். பூ கொட்டுகிறதே என்று பயப்படவும் வேண்டாம். ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கான பூ, அதில் பெரும்பாலானவை ஆண் பூ. கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே மரம் நிறையும். பிஞ்சு கடலை அளவு வந்ததும் கிழமைக்கு ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடத் தொடங்குங்கள். அப்போது காய்ந்தால்தான் பிஞ்சு உதிரும்.

முருங்கையைத் தொடவேண்டாம், அதற்கு இந்தக் காலம் பிடிக்கும். ஊற்றினால் இலை வரும், பூ உதிரும். தேசியும் காய்ந்து பிறகு நனைந்தால் மூன்று நாலு கிழமையில் பூத்துக் குலுங்கும், ஐந்தாறு மாதத்தில் காய் கிடைக்கும். ஆனால் பூத்த பிறகு தொடர்ந்து தண்ணீர் வேண்டும். கிணறு இடம் கொடுக்காது என்றால் அதை எழுப்பாமல் விட்டுவிடுங்கள்.

தென்னையில் இப்போது ஒன்றும் தெரியாது. அதுதான் ஏமாற்றும். குரும்பட்டி கொஞ்சம் கூடுதலாக உதிரும், அவ்வளவுதான். ஆனால் பாளை வெளியே வருவதற்கு இரண்டரை வருஷத்துக்கு முன்னரே குருத்துக்குள் உருவாகத் தொடங்குகிறது, ஆகவே இன்றைய வரட்சியின் கணக்கு அடுத்த இரண்டு வருஷம் காய் குறைவதில் வந்து தீரும். வளர்ந்த மரத்துக்கு வாளியால் ஊற்றி ஈடுகட்ட முடியாது. அடியில் இருந்து மூன்று அடி தள்ளி வட்டமாகக் குழி வெட்டி, பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மூடுங்கள். சித்திரை இடிமழைக்கு முன்னர் முடித்தால் அந்த மழை முழுவதும் அங்கே தங்கும். குளிக்கும் தண்ணீர், உடுப்புத் தோய்க்கும் தண்ணீர் எல்லாம் தென்னைக்கும் வாழைக்கும் போகட்டும். மிளகாய்ப் பாத்திக்குச் சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம். அரிசி, மீன் கழுவிய தண்ணீரைக் கத்தரிக்கு விடலாம்.

பப்பாசியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி படர்ந்தால் அது வெண்மூட்டுப்பூச்சி. 2008 அளவில் பப்பாசியைத் தாக்கும் இந்தப் பூச்சி வகை நம் நாட்டில் காணப்பட்டு மரம் மரமாக அழித்தது. அதைத் தின்னும் சிறு குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. மழை இல்லாத மாதங்களில் திரும்பத் தலைகாட்டும். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, மோசமான இலையை வெட்டி எரியுங்கள். மருந்து அடித்தால் அந்தக் குளவியும் போய்விடும்.

புதிதாக எதையாவது நடத்தான் வேண்டும் என்றால், முளைக்கீரை நாலு கிழமையில் முடிந்துவிடும், வெண்டி ஒன்றரை மாதத்தில் காய்க்கும், பயிற்றை அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரு பாத்தி, அதற்கு மேல் வேண்டாம். பின்னேர வெயில் படாமல் மேற்குப் பக்கம் கிடுகால் மறைத்துவிடுங்கள். மிளகாய், தக்காளி நாற்று எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இப்போது வாங்காதீர்கள், அவை புரட்டாதிக்குப் பிறகு வைக்கவேண்டியவை. அதற்கு உங்கள் தோட்டத்து விதையையே இப்போது எடுத்து வைக்கலாம். இந்த வெயில் விதை காயவைக்க மிக நல்லது. சுருளாத, நன்றாகக் காய்த்த செடியில் முதல் பறிவுக்குப் பிறகு வந்த பழங்களைப் பார்த்து எடுங்கள். நிழலில் உலர்த்தி, கடைசி இரண்டு நாள் காலை வெயில் காட்டி, சாம்பல் கலந்து போத்தலில் அடைத்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் இலையைக் கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைப் பாருங்கள், இல்லாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துத் தமிழிலேயே கேட்கலாம்.